ஒரே ஒரு லைன்: 486 கணினியில் பிபிஎஸ் நடத்த ஒரு வழிகாட்டி

பரணில் கிடக்கும் பழைய 486-ஐத் துடைத்தெடுத்து அதில் பிபிஎஸ் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, வெளியிலிருந்து அழைத்துப் பார்க்கிறார்கள். இணைப்பு வராது. கோளாறு பவர் சப்ளையிலா, மோடம் செருகும் சீரியல் போர்ட்டிலா, மோடத்திலா, ரவுட்டரிலா என்று தெரியாமல் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கணினி மறுபடி பரண் ஏறிவிடும். ஒரு படி சரியாக நிற்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

பிபிஎஸ், அதாவது புல்லட்டின் போர்டு சிஸ்டம், என்ன என்று தெரியாதவர்களுக்கு நான்கு வரி. ஒருவர் வீட்டில் ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி லைன். வெளியில் இருப்பவர் தன் மோடத்தால் அந்த எண்ணை அழைப்பார். நம் கணினி எடுக்கும், அவர் திரையில் நம் மெனு வரும். கடிதம் படிப்பார், பதில் போடுவார், கோப்பு எடுப்பார், விளையாடுவார், வைத்துவிடுவார். அவர் வைத்த பிறகுதான் அடுத்தவர் வர முடியும். 1978 ஜனவரியில் சிகாகோ நகரைப் பனிப்புயல் முடக்கியிருந்த நாட்களில் வார்டு கிறிஸ்டென்சனும் ரேண்டி சூஸும் இதைத் தொடங்கினார்கள். மென்பொருள் கிறிஸ்டென்சனுடையது, வன்பொருள் சூஸுடையது. பிப்ரவரி 16 அன்று சிபிபிஎஸ் என்ற பெயரில் திறந்தார்கள். வேகம் நொடிக்கு 300 பிட், அதாவது ஏறக்குறைய 30 எழுத்து. 80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட ஒரு திரை முழுதாக நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆட்கள் காத்திருந்து படித்தார்கள்.

இன்று தொலைபேசி லைனுக்குப் பதில் வைஃபை மோடம் வந்துவிட்டது. மற்றபடி எல்லாம் அப்படியே ஓடும்.

எந்தக் கணினி

கமடோர் 64, அமிகா, ஆப்பிள் 2 எல்லாவற்றிலும் பிபிஎஸ் நடத்துகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் ஊரில் அவை கைக்குக் கிடைப்பது அரிது. காயலாங்கடையிலும், மூடிய அலுவலகங்களின் ஸ்டோர் ரூமிலும் அகப்படுவது 386, 486, பென்டியம் சிப் வைத்த பழைய பிசிகள். இவற்றில் 486 தான் என் தேர்வு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து பிபிஎஸ் மென்பொருள்களும் விளையாட்டுகளும் ஏராளமாக டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை. ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலுமாக ஓடும் கணினிகளில் அவை திறந்த நொடியே 'ரன்டைம் எரர் 200' என்று விழுந்துவிடும். டிலேயை, அதாவது காத்திருக்கும் நேரத்தை, கணக்கிடும் இடத்தில் விடை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடுவதால் வரும் கோளாறு. அதற்கு ஒட்டுப்போடும் வழிகள் உண்டு, ஆனால் புதிதாக வருகிறவர் அந்தத் தொல்லையை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? 486-இல் 8 எம்பி ராம் இருந்தால் தாராளம்.

சுவிட்சைப் போடும் முன்

மூடியைக் கழற்றியதும் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். பெரும்பாலான 386, 486 மதர்போர்டுகளில் அங்கே நீல நிறத்தில் ஒரு சின்ன பீப்பாய் மாதிரி பேட்டரி இருக்கும். நிக்கல் காட்மியம், 3.6 வோல்ட். வருடக்கணக்கில் கிடந்ததில் அது கசிந்து, சுற்றிலும் செம்புத் தடங்கள் பச்சைப் பூத்திருக்கும். இன்னும் கசியவில்லை என்றாலும் அதே நாளில் வெட்டி எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். கசிந்தது காரம் என்பதால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். தடம் அறுந்திருந்தால் மெல்லிய ஒயரால் பாலம் போட வேண்டியிருக்கும். புதிய பேட்டரிக்கு, போர்டில் வெளி பேட்டரிக்கென்று நான்கு பின் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்று ஏஏ செல் வைத்த ஹோல்டரை அதில் மாட்டலாம். இல்லையென்றால், செல்லுக்குள் சார்ஜ் ஏறாமல் தடுக்க ஒரு டையோடு கட்டாயம்.

அடுத்தது பவர் சப்ளை. பின்புறம் 115, 230 என்று ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த கணினியாக இருந்தால் அது 115-இல் நிற்கும். அப்படியே நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் வெடிக்கும். போர்டுக்குப் போகும் இரண்டு பிளக்குகளும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றிச் செருக வாய்ப்பு அதிகம். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். மாறினால் போர்டு போய்விடும். செருகும்போது 'கறுப்போடு கறுப்பு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செருகுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய ஹார்டு டிஸ்க் சுற்றினாலும் அதை நம்பி பிபிஎஸ் நடத்தாதீர்கள். நாளெல்லாம் ஓட வேண்டிய பொருள் அது. ஐடிஇ (பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பு) அடாப்டரோடு ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போதும். சென்னையில் இருப்பவர்கள் இந்த அடாப்டரையும் கேபிள்களையும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம், மற்றவர்களுக்கு ஆன்லைன். பல 486 பயாஸ்களுக்கு (கணினியை எழுப்பும் உள் நிரல்) 504 எம்பிக்கு மேல் கண் தெரியாது, ஆகவே 256 அல்லது 512 எம்பி கார்டே வாங்குங்கள். பிபிஎஸ்ஸுக்கு அதுவே கடல். கார்டின் பெரிய நன்மை, மாதம் ஒருமுறை கழற்றி லேப்டாப்பில் செருகி முழு நகல் எடுத்துவிடலாம் என்பது.

எம்எஸ்டாஸ் 6.22 அல்லது ஃப்ரீடாஸ் போடுங்கள். ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, சூடேறித் தொங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் அழைப்பாளர் நீங்களே

மென்பொருளில் ரெனிகேட், டபிள்யூடபிள்யூஐவி, ரிமோட் ஆக்சஸ், மேக்ஸிமஸ் என்று தேர்வுக்குப் பஞ்சமில்லை. புதியவர்களுக்கு நான் சொல்வது ரெனிகேட். இலவசம், மெனுக்களை உள்ளேயே திருத்தலாம், விளக்கக் குறிப்புகளும் நிறையக் கிடைக்கின்றன. எதைப் போட்டாலும் மோடத்தைத் தொடாமல் ஒரு வாரம் உள்ளூர் லாகினிலேயே உட்காருங்கள். அதே கணினியின் கீபோர்டிலிருந்து, வெளி ஆள் போலவே, புதுப் பயனராகப் பதிந்து உள்ளே போகலாம். கையோடு வரும் சிஸ்ஆப் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுங்கள். சிஸ்ஆப் என்பது நீங்கள்தான், பலகையை, அதாவது பிபிஎஸ்ஸை, நடத்துகிறவர்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது வேண்டாதவற்றைத் தூக்குவது. கையோடு வரும் அமைப்பில் இருபது செய்திப் பகுதிகள் இருந்தால் மூன்றாகக் குறையுங்கள். வருகிறவர் காலியான அறைகளைத் திறந்து திறந்து பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. இரண்டு பகுதியில் நீங்களே பத்துப் பதினைந்து செய்தி எழுதிவையுங்கள், பதில் போடத் தூண்டுகிற மாதிரி.

வரவேற்புத் திரையை ஆன்சி எழுத்துச் சித்திரமாக வரையுங்கள். டாஸிலேயே வரைய தி டிரா, இன்றைய கணினியில் வரைய பாப்லோடிரா அல்லது மோபியஸ். 80ஆம் பத்தியில் எழுத்து வைக்காதீர்கள். சில டெர்மினல்கள் (அழைப்பவர் பக்கத்து நிரல்கள்) அங்கேயே அடுத்த வரிக்குத் தாவிவிடும், மீதிச் சித்திரம் கோணிவிடும். கடைசி வரியையும் காலியாக விடுங்கள்.

தமிழில் நடத்த முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் முயன்றேன். டாஸின் எழுத்துத் தொகுதியில் 256 இடம்தான், அதில் தமிழ் இல்லை. விஜிஏ கார்டில் நம் எழுத்துருவை ஏற்றலாம், ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் 8 புள்ளி அகலம்தான் கிடைக்கும். 'ணூ' அதற்குள் நசுங்கிப்போகும், அகல எழுத்துகளை இரண்டு இடமாகப் பிரிக்க வேண்டும். அதையும் செய்தேன் என்று வையுங்கள், அழைப்பவர் திரையிலும் அதே எழுத்துரு இருந்தாக வேண்டும். பொறுமை உள்ள யாராவது இதை ஒரு நாள் முடிக்க வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. அதுவரை என் பலகையில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறோம், கூடவே ஒரு சித்திரமாக மட்டும் 'வாங்க' என்று பெரிதாக வரைந்துவைத்திருக்கிறேன்.

சீரியல் போர்ட்

எம்எஸ்டாஸோடு வரும் எம்எஸ்டி நிரலை ஓட்டி, காம் போர்ட் (சீரியல் போர்ட்டுக்கு டாஸ் தரும் பெயர்) பக்கத்தில் எந்தச் சிப் என்று பாருங்கள். 8250 அல்லது 16450 வகை என்றால் ஒரே ஒரு பைட்டைத்தான் பிடித்துவைக்கும். 38400 வேகத்தில் சுமார் கால் மில்லிசெகண்டுக்கு ஒரு பைட் வந்துகொண்டே இருக்கும். கணினி டிஸ்க்கில் எழுதப் போன நேரத்தில் வந்தவை தொலைந்துபோகும். 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசை இருப்பதால் ஏறக்குறைய 4 மில்லிசெகண்டு அவகாசம் கிடைக்கும். பழைய சிப் மட்டும்தான் இருக்கிறது என்றால் 9600-இல் நடத்துங்கள். எழுத்துப் பலகைக்கு அந்த வேகம் படிக்க இதமாகவே இருக்கும்.

அடுத்து ஃபாசில் டிரைவர். எக்ஸ்00, பிஎன்யு இரண்டும் பெயர் பெற்றவை. பிபிஎஸ் மென்பொருளுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் நடுவில் இது நிற்கும். விளையாட்டு நிரலுக்குக் கட்டுப்பாடு மாறும்போது லைனை அறுந்துபோகாமல் கையில் பிடித்திருப்பதும் இதுதான். போர்ட் வேகத்தை இதில் பூட்டிவிடுங்கள். டிரைவர், மோடம், பிபிஎஸ் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இணைந்ததும் திரையில் குப்பை எழுத்து கொட்டினால் இந்த மூன்றில் ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் நிரம்பினால் மறுபக்கத்தைக் காத்திருக்கச் சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலையும் மறக்காமல் போடுங்கள்.

மோடம்: இங்கேதான் பணத்தைப் பார்க்கக் கூடாது

வைஃபை மோடம் என்பது இஎஸ்பி8266 போன்ற ஒரு சிப்பைச் சீரியல் போர்ட்டோடு இணைத்த பொருள். கணினிக்கு அது ஹேஸ் வகைப் பழைய தொலைபேசி மோடம் போலவே நடிக்கும். இணையத்திலிருந்து யாராவது வந்தால் 'ரிங்' என்று அனுப்பும், பிபிஎஸ் எடுக்கும். இஎஸ்பி 3.3 வோல்ட்டில் ஓடுவது, சீரியல் போர்ட்டின் கம்பிகளிலோ பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் வரை போகும். நேரடியாக இணைத்தால் ஒரே நொடியில் சிப் செத்துவிடும், இடையில் வோல்ட்டை மாற்றித் தரும் சிப் வேண்டும்.

மலிவு விலை மோடங்களிலும் நாமே ஒட்டவைக்கும் சுற்றுகளிலும் மேக்ஸ்3232 சிப் இருக்கும். அதில் போக இரண்டு, வர இரண்டு வழிதான். தரவு போய்வரும், பிற பலகைகளை அழைக்க அது போதும். பலகை நடத்தப் போதாது. நடத்துகிறவருக்கு இரண்டு கம்பிகள் உயிர். ஒன்பது பின் சாக்கெட்டில் 1ஆம் பின் டிசிடி, 4ஆம் பின் டிடிஆர். 'அழைத்தவர் இன்னும் லைனில் இருக்கிறாரா' என்று மோடம் கணினிக்குச் சொல்வது டிசிடி வழியாக. 'வைத்துவிடு' என்று கணினி மோடத்துக்குச் சொல்வது டிடிஆர் வழியாக.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். என் முதல் அமைப்பில் டிசிடி கம்பி இல்லை. மென்பொருள் முரண்டு பிடிக்காதிருக்க, 1ஆம் பின்னை 4ஆம் பின்னோடு சாக்கெட்டிலேயே சேர்த்துப் பற்றவைத்திருந்தேன். கணினியின் கண்ணுக்கு லைனில் எப்போதும் ஆள் இருக்கிற மாதிரி. ஒரு நண்பர் பாதிக் கடிதத்தில் லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். இணைப்பு அறுந்தது, பிபிஎஸ்ஸுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் அழைத்தார். உடனே எனக்குப் போன் வந்தது. "அண்ணே, நான் இன்னும் பேரே குடுக்கல, ஆனா உள்ள இருக்கேன். யாரோ எழுதின லெட்டர் பாதில நிக்குது, கர்சர் மினுக்கிட்டு இருக்கு. இத நான் படிக்கலாமா?" முன்னவர் தன் வீட்டு விஷயம் எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கே பலகையை மூடினேன், டிசிடி உள்ள மோடம் கைக்கு வரும்வரை திறக்கவில்லை. நம்மை நம்பி உள்ளே வந்தவரின் எழுத்து இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

ஆகவே வாங்கும்போது 'டிசிடி, டிடிஆர் உண்டா' என்று கேட்டு வாங்குங்கள். நீங்களே கட்டுவதானால் மேக்ஸ்3237 பொருத்தம். ஐந்து வழி வெளியே, மூன்று வழி உள்ளே, மோடத்துக்கு வேண்டிய கணக்கு அதேதான். இன்னொரு வழி, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில், மோடம் போல நடிக்கும் டிசிபிசெர் என்ற நிரலை ஓட்டி, யுஎஸ்பி சீரியல் கேபிளால் 486-ஓடு இணைப்பது. அப்போது 'நல் மோடம்' (null modem) கேபிள், அதாவது போகும் கம்பியும் வரும் கம்பியும் குறுக்கே மாறிய கேபிள், வேண்டும். தனி மோடத்துக்கு நேர் கேபிள்.

மோடத்தில் ஏடி&சி1 கட்டளை டிசிடியை உண்மை பேச வைக்கும். ஏடி&டி2 டிடிஆர் விழுந்தால் லைனை வைக்கும். ஏடி&டபிள்யூ அமைப்பைச் சேமிக்கும். பெரும்பாலான மோடங்களில் இவை வேலை செய்யும், ஆனாலும் கையேட்டை ஒருமுறை பாருங்கள்.

இப்போது வீட்டு வைஃபையிலேயே லேப்டாப்பில் சின்க்டெர்ம் என்ற டெர்மினல் நிரலைப் போட்டு, மோடத்தின் உள் முகவரியை அழைத்து மூன்று சோதனை செய்யுங்கள். லாகின் செய்துவிட்டு ஜன்னலை அப்படியே மூடுங்கள். சில நொடிகளில் 486 காத்திருப்புத் திரைக்குத் திரும்ப வேண்டும். அடுத்து, சிஸ்ஆப் பக்கத்திலிருந்து அழைப்பாளரைத் துண்டியுங்கள், லேப்டாப்பில் இணைப்பு அறுபட வேண்டும். மூன்றாவது, லாகின் செய்தபின் லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். இதில் அறுந்த செய்தி மோடத்துக்குப் போய்ச் சேராது, சில நிமிடம் தொங்கும். அதனால்தான் பிபிஎஸ்ஸில் சும்மா இருப்போருக்கான நேர வரம்பை ஐந்து நிமிடத்துக்குள் வைக்க வேண்டும். மூன்றும் தேறாமல் இணையத்தைத் தொடாதீர்கள்.

எழுத்தெல்லாம் சரியாக வந்து, கோப்பு இறக்கும்போது மட்டும் ஒரே இடத்தில் சிக்கினால் டெல்நெட் (இணையம் வழியாக இரு பக்கமும் பேசிக்கொள்ளும் முறை) அமைப்பைப் பாருங்கள். டெல்நெட்டில் 255 என்ற பைட் கட்டளைக் குறி, அதைத் தரவாக அனுப்பும்போது இரட்டித்து அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் அப்படிச் செய்து மறுபக்கம் செய்யாவிட்டால் கோப்பு உடையும்.

ஊருக்குத் திறப்பது

ரவுட்டரில் ஒரு போர்ட்டை (இணையத்தில் வாசல் எண் மாதிரி) மோடத்துக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிய வேண்டும். நம் ஊரில் பல வீட்டு இணைப்புகளில் அப்படி முடியாது. இணைய நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து நம்மைத் தேடி வருபவருக்கு வழி கிடையாது. ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்களுக்கும் அதே நிலைதான். ஸ்டாட்டிக் ஐபி, அதாவது நமக்கே உரிய மாறாத முகவரி, கேட்டு வாங்கலாம். அல்லது மாத வாடகைக்கு ஒரு சிறிய விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் வாடகைக் கணினி) எடுத்து, வீட்டு ராஸ்பெரி பையிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் போட்டு, அங்கே வரும் அழைப்பை இங்கே கொண்டுவரலாம். வீட்டு முகவரி வெளியே தெரியாது என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

டெல்நெட்டின் வழக்கமான 23ஆம் போர்ட்டைத் திறக்காதீர்கள். 2016-இல் பரவிய மிராய் போன்ற தீய நிரல்களும் அவற்றின் வாரிசுகளும் அந்தப் போர்ட்டைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2323-ஐயும் மிராய் தேடியது, ஆகவே அதுவும் வேண்டாம். ஒற்றை லைன் பலகையில் இப்படி ஒரு பாட் (தானியங்கி நிரல்) நுழைந்து நின்றால் உண்மையான அழைப்பாளருக்கு லைன் பிஸி. பலர் பயன்படுத்தும் 6400 போன்ற வேறு எண் வையுங்கள். லாகினுக்கு முன் 'எஸ்கேப் சாவியை இரண்டு முறை அழுத்தவும்' என்று ஒரு தடுப்பும் போடலாம். பிபிஎஸ்களைத் தொலைபேசியால் இணைத்த ஃபிடோநெட் காலத்தில், கடிதங்களைப் பரிமாறும் மெயிலர் நிரல்கள் மனிதர் யார், இன்னொரு கணினி யார் என்று பிரிக்க இதே வழியைக் கையாண்டன.

டெல்நெட்டில் எதுவும் மறைகுறியாக்கப்படுவதில்லை, அந்தக் காலத்து மென்பொருள்கள் சில கடவுச்சொல்லைக்கூட அப்படியே சேமிக்கும். 'வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லைக் கொடுங்கள்' என்று பதிவுத் திரையிலேயே தெளிவாக எழுதுங்கள். சிஸ்ஆப் மெனுவில் டாஸுக்குள் இறங்கும் வசதி இருந்தால், வெளியிலிருந்து வருபவருக்கு அதை முழுதாக அடைத்துவிடுங்கள்.

அன்றாடம்

பழைய ஏடி வகைப் பவர் சப்ளையில் ஒரு வசதி: சுவிட்ச் கையால் அழுத்தினால் அழுத்தியபடியே நிற்கும். கரன்ட் போய் வந்தால் கணினி தானே எழும். கணினி எழுந்ததும் டாஸ் தானே ஓட்டும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பின் கடைசியில் பிபிஎஸ்ஸைத் திரும்பத் திரும்ப அழைக்கும் சுழல் ஒன்று எழுதிவிடுங்கள், பயாஸில் கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காதபடி அமையுங்கள். ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் தேவை, எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரன்ட் போனால் செய்திக் கோப்பு உடையும். மானிட்டரை அணைத்துவைத்து, கணினி 40 வாட் இழுக்கிறது என்று வைத்தால் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இருமாதக் கணக்கில் ஏறக்குறைய 60 யூனிட் கூடும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விளையாட்டு ஒன்றாவது வையுங்கள். லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன் ஒற்றை லைனுக்கென்றே செய்தது போல இருக்கும். 1989-இல் சேத் ராபின்சன் எழுதியது. ஒரு நாளைக்கு இத்தனை சண்டைதான் என்று எல்லை இருப்பதால் யாரும் லைனை மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ள மாட்டார்கள். நாளைக்கு மறுபடி வருவார்கள்.

புதிதாகப் பதிந்தவருக்கு அன்றைக்கே பெயர் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். தானாகப் போகும் வரவேற்புக் கடிதம் போதாது, ஆள் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். கணினியின் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றாதீர்கள். அழைப்பாளர் மெனுவில் 'சிஸ்ஆப்பைக் கூப்பிடு' என்று அழுத்தினால் அது பீப் பீப் என்று கத்தும். அடுப்படியில் இருந்தாலும் போய், மானிட்டரைப் போட்டு, அரட்டைச் சாவியை அழுத்துங்கள். அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், அவர் அழித்துத் திருத்துவதும்கூட, அப்படியே உங்கள் திரையில் வரும்.